யானைக்குட்டிக்குக் கூட்டாளிகள் மட்டும் போதுமா?

திருகோணமலை உவர்மலையில் இருக்கும் ஒரு தம்பி போன கிழமை கேட்டிருந்தார். ஆறு வயது மகளைப் பின்னவல யானை அனாதை இல்லத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார். குட்டிகள் ஆற்றில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்து விளையாடுவதைப் பார்த்துக்கொண்டே நின்ற பிள்ளை, "இதுகளுக்கு அம்மா எங்க?" என்று கேட்டாளாம். அவருக்குப் பதில் தெரியவில்லை. வீடு வந்து சேரும்வரை யோசித்துவிட்டு என்னிடம் கேட்டது இது: "காட்டில் ரயிலில் அடிபட்டும் வெடியைக் கடித்தும் சாவதைவிட இப்படிப் பாதுகாப்பாக இருப்பது நல்லதுதானே? அங்கேயும் கூட்டமாகத்தான் நிற்கின்றன, சந்தோஷமாகத்தான் விளையாடுகின்றன. குட்டிகள் பழகுவதில் காட்டுக்கும் இதற்கும் அப்படி என்ன வித்தியாசம்?"

நல்ல கேள்வி. கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வித்தியாசம் இருக்கிறது, பெரிய வித்தியாசம். விளையாடக் கூட்டாளிகள் கிடைப்பது ஒரு பங்குதான். குட்டிக்கு அதைவிட முக்கியமாக வேண்டியது, தன்னைவிட இரண்டு வயது மூத்தது, ஐந்து வயது மூத்தது, தாய், பெரியம்மா, அம்மம்மா என்று படிப்படியாக வயது கூடிக்கொண்டு போகிற ஆட்கள். அடுத்தது, யாரோடு நிற்பது, யாரை விட்டு விலகுவது என்று தானே தீர்மானிக்கிற வசதி. அடைத்து வளர்க்கும் இடத்தில் முதலில் இல்லாமல் போவது இந்த இரண்டும்தான்.

நான் படித்தது விலங்கியல். பிறந்தது தம்பலகாமம் பக்கம், கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாய்கிற வயலூர். அப்பாவோடு பரணில் காவல் இருந்த இரவுகளில்தான் யானையை முதலில் பார்த்தேன், புத்தகம் எல்லாம் பிறகு. அதனால் வேளாண்மையை இழந்தவன் வயிற்றெரிச்சலும் எனக்குத் தெரியும், யானையின் பக்கமும் கொஞ்சம் தெரியும்.

சில வருடத்துக்கு முந்தி ஒரு ஓகஸ்ட் பின்னேரம். சிறுபோகம் வெட்டி முடிகிற நேரம், கந்தளாய்க் குளம் வற்றி ஓரமெல்லாம் புல் பச்சையாகக் கிடந்தது. பதினொரு யானைகள் காட்டிலிருந்து இறங்கி வந்தன. கடைசியில் வந்த குட்டிக்கு ஆறு மாதம்கூட இருக்காது, தாயின் வயிற்றுக்குக் கீழே இன்னும் புகுந்து நடக்கிற உயரம். சீமெந்து வாய்க்கால் ஒன்றைத் தாண்டும்போது பின்கால் சறுக்கி உள்ளே விழுந்துவிட்டது. தண்ணீர் அதன் முழங்காலளவுதான், ஆனால் சரிவான சுவரில் ஏற முடியவில்லை. ஒரு கத்து கத்தியது. அந்தச் சத்தத்துக்கு முதலில் ஓடி வந்தது தாய் என்று நினைப்பீர்கள். இல்லை, ஏழெட்டு வயதிருக்கும் ஒரு பெட்டைக்குட்டி. அது யோசிக்காமல் வாய்க்காலுக்குள் இறங்கி, சின்னதின் பின்பக்கத்தில் நெற்றியை வைத்து முட்டியது. அதற்குள் தாய் வந்து கரையில் முன்காலை மடித்து, தும்பிக்கையைக் குட்டியின் வயிற்றைச் சுற்றிப் போட்டு இழுத்தது. மூன்றாம் முறை மேலே வந்துவிட்டது.

எனக்கு மறக்காமல் இருப்பது அதற்குப் பிறகு நடந்தது. மற்றவை எல்லாம் கிட்ட வந்து நின்றன. ஒவ்வொன்றாகத் தும்பிக்கை நுனியைக் குட்டியின் வாய்க்குள் விட்டு எடுத்தன. அடிவயிற்றிலிருந்து வருகிற ஒரு உறுமல், காதில் கேட்டதைவிட நெஞ்சில் கூடத் தெரிந்தது. குட்டி தாயின் முன்கால்களுக்கு நடுவே புகுந்து பால் குடித்தது. அந்தப் பெட்டைக்குட்டி இருட்டும்வரை அதன் பக்கத்தை விட்டு நகரவில்லை.

அந்த உறுமலைப் பற்றி ஒரு வார்த்தை. 1984-இல் கேட்டி பெயின் என்ற அமெரிக்க ஆய்வாளர் போர்ட்லண்ட் மிருகக்காட்சிசாலையில் ஆசிய யானைகளுக்குப் பக்கத்தில் நின்றபோது காற்றில் ஒரு அதிர்வை உணர்ந்தார். பதிவு செய்து பார்த்தால், மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் அவை பேசிக்கொண்டிருந்தன. வாய்க்குள் தும்பிக்கை விடுவதும் சும்மா இல்லை. தாய்லாந்து முகாம் ஒன்றில் 26 யானைகளைக் கவனித்து ஜோஷுவா புளொட்னிக், ஃபிரான்ஸ் டி வால் இருவரும் 2014-இல் எழுதியதில் இது வருகிறது: ஒன்று பயந்து கலங்கினால் மற்றது கிட்டப் போய் அதன் முகத்தைத் தொடுகிறது, வாய்க்குள் தும்பிக்கை வைக்கிறது, மெல்லிய கீச்சுக் குரல் கொடுக்கிறது. நாங்கள் பிள்ளையின் தலையைத் தடவி "ஒண்டுமில்லை ஒண்டுமில்லை" என்று சொல்வதுதான் அது. அந்த 26-உம் வளர்ப்பு யானைகள் என்பதைக் கவனியுங்கள். ஆறுதல் சொல்லும் குணம் சங்கிலியாலும் அழியவில்லை.

சரி, அந்தப் பெட்டைக்குட்டியிடம் திரும்பி வருவோம், ஏனென்றால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அதனிடம்தான் இருக்கிறது. பெண் யானை 20 முதல் 22 மாதம் வரை சுமந்து ஒரு குட்டி போடும், பிறக்கும்போதே 100 கிலோ அளவில் இருக்கும். அடுத்தது பிறக்க நாலைந்து வருடம் ஆகும். அதனால் ஒரு கூட்டத்தில் எப்போதும் எல்லா வயதிலும் பிள்ளைகள் இருக்கும், மூத்த பெட்டைகள் சின்னதுகளைத் தூக்கிச் சுமக்காத குறையாக வளர்க்கும். சின்னது படுத்தால் நிழலுக்கு நிற்பதும் பின்தங்கினால் நின்று கூட்டிப்போவதும் பெரும்பாலும் இவைதான். பார்க்க உதவி மாதிரி இருக்கும். உண்மையில் அது படிப்பு. நாளைக்குத் தான் தாயாகும்போது குட்டியை எப்படிப் பால்மடிக்கு விடுவது, எப்போது தட்டி எழுப்புவது என்பதெல்லாம் இங்கேதான் அதன் கைக்கு வருகிறது. மிருகக்காட்சிசாலைகளில் தனியாக வளர்ந்து, இன்னொரு பிரசவத்தைக் கண்ணால் காணாத பெண் யானைகள் முதல் குட்டியைக் கண்டு மிரண்டு ஒதுக்கியதும் தாக்கியதும் பலமுறை நடந்திருக்கிறது. தாய்மை தானாக வந்துவிடும் என்று சொல்கிறவர்களுக்கு இதை நான் எப்போதும் சொல்வேன்.

சின்னதும் சும்மா இருக்காது. முதல் சில மாதம் தும்பிக்கை அதற்கு ஒரு தொல்லை, மிதித்துத் தடுக்கி விழும், வாயால் பால் குடிக்கும்போது எங்கே வைப்பது என்று தெரியாமல் அலையும். எது சாப்பாடு என்று தெரிந்துகொள்ள, மற்றவற்றின் வாயிலிருந்து இழுத்துத் தின்று பார்க்கும். பெரிய யானைகள் இதற்குக் கோபிப்பதில்லை. தாயின் இலத்தியையும் கொஞ்சம் தின்னும், புல்லையும் இலையையும் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் அப்படித்தான் வயிற்றுக்குள் போகின்றன. ஆக, சாப்பிடப் பழகுவதே ஒரு உறவுக் காரியம். எந்தக் குளம் எந்த மாதம் வற்றும், எந்தப் பாதையில் ஆள் இருக்கும் என்பதும் அப்படியே, பெரியவர்கள் பின்னால் நடந்து நடந்து வருவது. மியன்மாரில் மரம் இழுக்கும் யானைகளின் பதிவேடுகளை வைத்து 2016-இல் வந்த ஒரு ஆய்வை நான் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன்: 20 வயதுக்குக் குறைந்த தாயின் குட்டிக்கு, அம்மம்மா அதே இடத்தில் இருந்தால் சாவு அபாயம் எட்டு மடங்கு குறைகிறது. எட்டு மடங்கு! எங்கள் வீடுகளில் முதல் பிரசவத்துக்குப் பிள்ளை தாய்வீடு போவது ஏன் என்று இதைவிட நன்றாக யாரும் விளக்க முடியாது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். தொலைக்காட்சியில் ஆப்பிரிக்க யானைகளைப் பார்த்துவிட்டு, ஒரு கிழத் தலைவி முன்னால் போக மற்றதெல்லாம் வரிசையாகப் பின்னால் போகும் என்று நினைக்கிறோம். எங்கள் நாட்டு யானை அப்படி இல்லை. பிருதிவிராஜ் பெர்னாண்டோவும் ரசல் லண்டேயும் 2000-இல் தென்கிழக்கு இலங்கையில் பார்த்தபோது, ஒரு கூட்டத்துப் பெண்கள் எல்லாம் தாய்வழி மரபணுவில் ஒன்றாக இருந்தன, அதாவது ஒரே கொடி. ஆனால் ஷெர்மின் டி சில்வா குழுவினர் உடவளவையில் ஒவ்வொரு பெண் யானையையும் காது மடிப்பு வைத்து அடையாளம் கண்டு தொடர்ந்து பார்த்து 2011-இல் எழுதியது இன்னும் சுவாரசியமானது: இன்று இரண்டு பேரோடு நிற்கும், நாளை வேறு மூன்று பேரோடு நிற்கும், சில மாதம் காணாமல் போய்த் திரும்பி வந்து பழைய சிநேகிதியோடு சேரும். சில யானைகள் ஒரே ஆளை விடாமல் ஒட்டிக்கொள்ளும், சில ஊர் முழுக்கப் பழகும். வெளியே பார்த்தால் அறுந்த மாதிரித் தெரியும் உறவு வருடக்கணக்கில் நிற்கிறது. இந்தப் பிரிந்து சேருகிற பழக்கத்துக்குள்தான் குட்டி வளர்கிறது. இன்று ஒரு கூட்டம் குட்டிகள், நாளை வேறு கூட்டம், யார் முரடு, யார் விட்டுக்கொடுப்பது என்று அதற்குத் தினமும் ஒரு பாடம்.

இதன் உச்சம் எங்களுக்கு ஒன்றரை இரண்டு மணித்தியாலத் தூரத்தில் நடக்கிறது. வரட்சி காலத்தில் மின்னேரியாக் குளம் வற்றிப் புல் முளைக்கும்போது சுற்றுவட்டக் காடுகளிலிருந்து 300 வரை யானைகள் வந்து சேரும். வாழ்நாளில் காணாத வயதொத்த குட்டிகளை ஒரு குட்டி அங்கேதான் காண்கிறது.

ஆண்குட்டியின் கதை வேறு. அது சின்னதிலிருந்தே தலையோடு தலை முட்டிப் பலம் பார்க்கும், தங்கச்சிகளை ஏறி மிதித்துத் தாயிடம் அடி வாங்கும். பத்துப் பதினைந்து வயதுக்குள் கூட்டத்தை விட்டுப் போய்விடும், அல்லது மெல்ல மெல்லத் தூரமாக்கப்படும். அதன்பிறகு அது முற்றாகத் தனியாள் என்பது எங்கள் ஊர் எண்ணம், "தனியன்" என்றே பேர் வைத்திருக்கிறோம். ஆனால் இளந்தாரிகள் பெரிய ஆண்களின் பின்னால் திரிவதை நானே எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். அந்தப் பெரியவர்கள் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குத் தென்னாபிரிக்காவில் நடந்ததுதான் சாட்சி. குரூகர் பூங்காவில் எண்ணிக்கையைக் குறைக்கப் பெரிய யானைகளைக் கொன்றுவிட்டு, அனாதையான குட்டிகளைப் பிலனெஸ்பெர்க் என்ற இடத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். பெரியவர்கள் யாரும் இல்லாமல் வளர்ந்த ஆண்களுக்கு வயதுக்கு முந்தியே மதம் பிடித்தது. 1992 முதல் 1997 வரை 40-க்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களைக் குத்திக் கொன்றன. 1998-இல் ஆறு மூத்த ஆண் யானைகளைக் கொண்டுவந்து விட்டதும் இளையவற்றின் மதம் அடங்கியது, கொலையும் நின்றது. அது வேறு இன யானைதான், ஆனாலும் இந்தக் கதையைப் படித்த நாளிலிருந்து, நாங்கள் பட்டாசு கொளுத்தியும் வயலுக்குள் வரும் இளம் அலியன்களை, அதாவது கொம்பில்லாத ஆண்களை, நான் வேறு கண்ணோடு பார்க்கிறேன்.

இப்போது வளர்ப்பிடங்களுக்கு வருவோம். எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டக் கூடாது. ஆகக் கொடுமையானது, வீட்டிலோ வழிபாட்டுத் தலத்திலோ தனியாகக் கட்டி வளர்க்கப்படும் ஒற்றைக் குட்டி. பல வருடம் முந்தி வேறொரு ஊர் ஊர்வலத்துக்குக் கொண்டுவந்திருந்த ஒன்றைப் பார்த்தேன், ஐந்து வயதுக்குக் கூட இருக்காது. முன்காலில் சங்கிலி. உடம்பை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே நின்றது, ஒரே அளவில், ஒரே வேகத்தில், நான் நின்ற அரை மணித்தியாலமும் நிற்கவே இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "பாருங்கோ, மேளத்துக்கு ஆடுது" என்று பிள்ளைக்குக் காட்டினார். மேளம் அப்போது ஓய்ந்திருந்தது. தொட ஆளில்லாத, பின்னால் போக ஆளில்லாத குட்டி தன்னைத்தானே தாலாட்டுவது அது. பாகன் அன்பானவராகவே இருக்கட்டும், அவரால் இரவு முழுக்கப் பக்கத்தில் படுக்க முடியாது, அடிவயிற்று உறுமலுக்குப் பதில் உறுமவும் முடியாது.

மிருகக்காட்சிசாலைகளைப் பற்றி 2008-இல் சயன்ஸ் இதழில் ஒரு கணக்கு வந்தது. ஐரோப்பிய மிருகக்காட்சிசாலைகளில் பிறந்த ஆசியப் பெண் யானைகளின் இடைநிலை ஆயுள் 18.9 வருடம், மியன்மார் மரக்கூட்டுத்தாபனத்து யானைகளுக்கு 41.7. ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு மாற்றப்பட்டவற்றுக்கு அபாயம் இன்னும் கூட. மியன்மார் யானையும் வளர்ப்பு யானைதான், வேலையும் கடுமை, பழக்கும் வயதில் நிறையக் குட்டிகள் சாகின்றன. ஆனால் வேலை முடிந்ததும் இரவில் காட்டுக்குள் விடப்படுகிறது, தானே மேய்கிறது, காட்டுக் களிறோடு சேர்கிறது, தாயும் மகளும் பெரும்பாலும் ஒரே இடத்தில் இருக்கின்றன. சாப்பாட்டையும் வைத்தியத்தையும் மட்டும் பார்த்தால் மிருகக்காட்சிசாலைதான் முந்தியிருக்க வேண்டும்.

நீங்கள் சொன்ன "சந்தோஷமாக விளையாடுகின்றன" என்பதும் உண்மைதான். வளர்ப்பிடத்துக் குட்டி காட்டுக் குட்டியைவிடக் கூடுதலாக விளையாடுவதும் உண்டு. சாப்பாடு கைக்கு வருகிறது, நாள்முழுக்க நடக்கத் தேவையில்லை, நேரம் மிச்சம். விளையாட்டு நல்ல அறிகுறி, நான் மறுக்கவில்லை. அதை வைத்து மட்டும் எல்லாம் சரியென்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்கிறேன்.

பின்னவலவை நான் குறை சொல்ல வரவில்லை. 1975-இல் அனாதைக் குட்டிகளுக்கென்று தொடங்கியது, 1978-இல் தேசிய மிருகக்காட்சிசாலைத் திணைக்களத்தின் கைக்கு வந்தது, 1984 முதல் அங்கேயே குட்டிகளும் பிறக்கின்றன. 2021-இல் சுரங்கி என்ற பெண் யானை இரட்டை ஆண்குட்டிகள் போட்டது செய்தியிலும் வந்தது. ஆகவே மகளிடம் சொல்லுங்கள், அவள் பார்த்த குட்டிகளில் சிலவற்றுக்கு அம்மா பக்கத்திலேயே நின்றிருப்பாள், சிலவற்றுக்கு அம்மா இல்லை. தனிச் சங்கிலியோடு ஒப்பிட்டால் அந்தக் கூட்டம் பெரிய கொடுப்பினை. அங்கே வந்து சேர்ந்த அனாதைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு சொந்தமாகிவிட்டன. ஆனால் யாரோடு ஆற்றுக்குப் போவது, எப்போது திரும்புவது, பிடிக்காத ஒன்றை விட்டு எவ்வளவு தூரம் விலகுவது என்பதெல்லாம் பாகன் கையில். பெரிய ஆண்கள் பெரும்பாலும் சங்கிலியில், ஆண்குட்டிக்குப் பின்னால் போக ஒரு ஆள் இல்லை.

எனக்கு மனதுக்கு ஒத்துப்போவது உடவளவை யானைக்குட்டிகள் இடைத்தங்கல் நிலையம். 1995-இல் தொடங்கியது. சில மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பால் நேரம், குட்டிகள் வரிசையாக ஓடிவரும், புனலில் ஊற்றிக் குழாய்வழியாக வாய்க்குப் பால் போகும். குடித்து முடிந்ததும் வெளியே விட்டுவிடுவார்கள். தடவல் இல்லை, கொஞ்சல் இல்லை, பார்க்கப் போனவர்கள் தூரத்து மேடையில்தான் நிற்க வேண்டும். பார்க்கிறவர்களுக்குக் கல்நெஞ்சு மாதிரி இருக்கும். ஆனால் மனிதன் கையை எடுத்துவிட்டால் குட்டி குட்டியைத் தேடும், அதுதான் அங்கே நோக்கம். நான் போன அன்று பால் பங்கு முடிந்து துரத்தப்பட்ட ஒரு சின்னது கத்திக்கொண்டு போய், மூன்று வயது மதிக்கத்தக்க இன்னொன்றின் வாய்க்குள் தும்பிக்கையை விட்டது. கந்தளாயில் கண்ட அதே காரியம், தாயே இல்லாத இடத்தில். ஐந்து வயதளவில் இவற்றைக் கூட்டமாகவே காட்டில் விடுகிறார்கள், முதல் தடவை 1998-இல். அப்படி விடப்பட்ட பெட்டைகள் காட்டில் குட்டி போட்டும் இருக்கின்றன.

மிச்சம் இருப்பது உங்கள் முதல் கேள்வி, காட்டில் சாவதைவிட இது மேல் இல்லையா என்பது. காட்டில் சாவது உண்மை. கடந்த சில வருடங்களில் வருடத்துக்கு 400 அளவில் யானைகள் செத்திருக்கின்றன, மனிதர்களும் நூற்றுக்கு மேல். 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் ஒரே ரயிலில் ஆறு யானைகள் போய்விட்டன. பழத்துக்குள் வெடிமருந்து மடித்து வைக்கும் ஹக்கபட்டாஸ் குட்டிகளுக்கும் எமன், தாடை சிதறிக் கிடந்து பட்டினியால் சாகும். ஆனால் தம்பி, அனாதை இல்லத்துக்குக் குட்டி எங்கிருந்து வருகிறது? இதே துவக்கிலும் ரயிலிலும் தாய் போன பிறகுதான் வருகிறது. 2021-இல் வந்த நாடளாவிய கணக்கின்படி யானை நடமாடும் இடம் இலங்கையின் 60 வீதமளவு, அதில் ஏறத்தாழ 70 வீதத்தில் மனிதரும் குடியிருக்கிறோம். குட்டிகளையெல்லாம் பிடித்துப் பத்திரமாக வைப்பது இதற்கு வழியாகாது. போகத்துக்கு வேலி போட்டு, அறுவடை முடிந்ததும் வயலை மேய விட்டு, கிணறுகளுக்குக் கட்டுக் கட்டினால் எத்தனையோ தாயும் பிள்ளையும் பிரியாமல் இருக்கும். கூட்டத்தை வெடி கொளுத்தி விரட்டும்போதும் முதலில் தொலைவது சின்னக் குட்டிதான்.

அப்படித் தொலைந்த ஒன்றை வயலோரத்தில் கண்டால் தொடாதீர்கள், சுற்றி நின்று படம் எடுக்காதீர்கள், பசும்பால் பருக்கவே வேண்டாம், வயிற்றோட்டத்தில் செத்துவிடும். ஆட்களை விலக்கிவிட்டு வனஜீவராசிகள் அலுவலகத்துக்கோ கிராம சேவகருக்கோ சொல்லுங்கள். இருட்டி ஊர் அடங்கியதும் தாய் தேடி வருவதை நான் கண்டிருக்கிறேன். கிணற்றில் கிடந்தாலோ காயம்பட்டிருந்தாலோ மட்டும் காத்திருக்காமல் உடனே ஆளைக் கூப்பிட வேண்டும்.

மகளை இன்னொரு தடவை கூட்டிப்போக விருப்பமென்றால் ஓகஸ்ட் அல்லது செப்டெம்பரில், பாடசாலை விடுமுறையைப் பார்த்து, மின்னேரியாவுக்கோ கவுடுல்லவுக்கோ போங்கள். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு உள்ளே போவது நல்லது. ஜீப்காரத் தம்பியிடம் கிட்டப் போகச் சொல்லாமல், தூரத்தில் நிறுத்தி எஞ்சினை ஓய வைக்கச் சொல்லுங்கள். கொம்பனைத் தேட வேண்டாம். கூட்டத்தில் ஆகச் சின்னதைக் கண்டுபிடித்து, அதன் பக்கத்தில் யார் யார் மாறி மாறி வந்து நிற்கிறார்கள் என்று மகளை எண்ணச் சொல்லுங்கள்.